எடை குறைந்த தவளை

தேயிலைத் தோட்டத்துத் துரை கொழும்பில் வாங்கிய வளர்ப்புத் தவளை இருநூறு கிராம் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் கணக்கப்பிள்ளை மரியரட்ணம் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "நூத்தம்பதுதானுங்க" என்றார்.

"ஐயோ, பயணத்துல வாடிப்போச்சே!" துரைக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து தவளைக்கு ராஜ உபசாரம். கொழுந்து பறிக்கும் அம்மாக்கண்ணுவை மலையிலிருந்து இறக்கி, மண்புழு தோண்ட விட்டார். இரண்டு மாதத்தில் தவளை பந்தாக உப்பியது. மரியரட்ணமோ, "இன்னும் இருநூறு வரலீங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் மிருக வைத்தியர் வந்து, "இது வெறும் கொழுப்பு. இனியும் ஊட்டினா செத்துப்போகும்" என்றார்.

அம்மாக்கண்ணு தவளைப் பெட்டியைச் சுமந்து வர, துரை மடுவத்துக்குப் பாய்ந்தார்.

"எப்படிய்யா எடை போட்ட?"

"வழக்கம்போலத்தாங்க. கொழுந்து எடையில ஈரத்துக்கும் சாக்குக்கும் கால்வாசி கழிச்சு எழுதச் சொல்லி நீங்க போட்ட உத்தரவுதானுங்களே!"

"தவளைக்கு ஏதுய்யா சாக்கு? உள்ள எடைய உள்ளபடி எழுத உனக்கென்ன கேடு?"

அம்மாக்கண்ணு பெட்டியை இறக்கிவைத்தாள். கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? தொரையே சொல்லிட்டாரு!"