இரண்டு குறுக்குக் கோடுகள்

திரையில் அந்தப் படம் வந்ததும் அவளுக்கு நாக்கு உலர்ந்தது.

நான்கு புள்ளிகள். சுற்றிலும் நான்கு கோடுகள். நடுவே எதுவும் இல்லை.

ஓட்டை.

இருக்கவே கூடாது. புள்ளிகளும் கோடுகளுமான எந்த வலையைக் கொடுத்தாலும் புள்ளி புள்ளியாகத் தேடிப்போய், குறுக்குக் கோடுகள் போட்டு, இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைப்பதுதான் அவளுடைய முறை. பிறகு, போட்டதில் தேவையில்லாத கோடுகளை ஒரே வீச்சில் நீக்கிவிடலாம். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வே அந்த ஒரே வீச்சுதான்.

இங்கே குறுக்குக் கோடுகள் இரண்டு இருந்திருக்கின்றன. முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவது போதும். இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது போதும். ஆகவே இரண்டுமே தேவையில்லை என்று அவளுடைய முறை இரண்டையும் எடுத்துவிட்டது.

பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நேற்றுதான் எடுத்துக்காட்டுக்கு வேறு வலையை மாற்றிப் போட்டிருந்தாள். முடிவைச் சரிபார்க்கவில்லை.

வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேட்கலாம். யாரும் கேட்கவில்லை. முன்வரிசையில் அப்பா ஒவ்வொரு படத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார், எல்லாம் புரிந்தவர்போல. பின்னால் மிக்சர் பொட்டலங்கள் அடுக்கும் சத்தம்.

பொத்தானை அழுத்தினால் அடுத்த படம் வந்துவிடும்.

முருகா, முருகா என்று உள்ளுக்குள் ஓடியது. எதை வேண்டுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“கொஞ்சம் நில்லும்மா.”

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், பேராசிரியர் தெய்வசிகாமணி. திரையின் அந்த மூலையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

தன் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்.

“மொதல்ல ஒரு வாய் குடி. அந்த மூலையில… படம் போட்டதுல ஏதும் விட்டுப்போச்சா?”

தண்ணீர் தொண்டையில் இறங்கியது.

ஆமாம் சார் என்றால் போதும். கோடு விட்டுப்போன படம். அதோடு முடிந்தது. இல்லை என்றால் பட்டம் என்ன ஆகும், அப்பாவின் தலையாட்டல் என்ன ஆகும்?

அவ்வளவு அன்பாகக் கேட்டவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

“படம் சரிதான் சார். என் நிரூபணந்தான் தப்பு.”

முன்வரிசையில் தலை ஆடுவது நின்றது.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

நாற்காலி நகரும் ஒலி. செருப்புச் சத்தம் கரும்பலகை வரை வந்தது.

கண் திறந்தபோது அவர் சாக்பீஸை இரண்டாக ஒடித்து, ஒரு துண்டை அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.