ஹேப்பி ஃபேமிலி

“வைஃபை பாஸ்வேர்ட் கொடுங்க” என்றாள் தேன்மொழி.

மாப்பிள்ளை வீட்டில் எதையும் வாய்விட்டுக் கேட்காதே என்று தம்போய் ஊருக்கு வந்து சேரும்வரை காரில் ஓதிக்கொண்டே வந்த அம்மா, அவள் தொடையைக் கிள்ளினாள்.

“படிச்ச பொண்ணு லா! தண்ணிகூடக் குடிக்கல, அதுக்குள்ள லைன் கேக்குது” என்று சிரித்தார் மாப்பிள்ளையின் அம்மா.

“போனைக் கொடுங்க, நானே போட்டுத் தரேன்” என்று வாங்கிய மாப்பிள்ளை ரூபேந்திரன் விழித்தான். “அலமாக்! ‘ஹேப்பி ஃபேமிலி’ தானாவே கனெக்ட் ஆயிருக்கே? இது பூட்டுப் போட்ட வைஃபையாச்சே!”

“பேரு, பூட்டு வகை, பாஸ்வேர்ட் மூணும் பழசோட ஒத்துப்போனா போனே கண்டுபிடிச்சுச் சேர்ந்துக்கும்.”

“பழசா? நீங்க இங்க வர்றது இதானே முதல் தடவை?”

“இங்க முதல் தடவைதான். ஆனா கூலாய்ல ஒரு வீட்ல டியூஷன் சொல்லிக் கொடுக்கிறேன். அங்க இதே வைஃபைதான் இருந்துச்சு. புள்ளையோட அப்பா சிங்கப்பூர்ல வேலைன்னாங்க, நான் பார்த்ததே இல்ல. போன வருஷம் பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு, மோடத்தை மட்டும் கழட்டிட்டுப் போயிட்டாராம்.”

“இது... செகண்ட் ஹேண்ட்ல வாங்குன மோடம்” என்று இழுத்தான் ரூபேந்திரன்.

“பேரை மாத்தித் தொலைடான்னு அப்பவே சொன்னேன்ல?” என்று மகன்மேல் பாய்ந்த பிறகுதான், அவன் அம்மா தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

தேன்மொழி அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். டிவி பக்கத்தில் மின்னிக்கொண்டிருந்த மோடத்தையும் கழற்றிக் கைப்பையில் போட்டாள்.

“வாங்கம்மா, கூலாய் வழியாவே போலாம். அந்தப் புள்ளைக்குப் பரீட்சை வருது” என்றபடி வாசலைத் தாண்டினாள்.