கரைப்பானை மாற்றினால்

முஸம்மில் எஞ்சினை நிறுத்தியதும் கற்பிட்டிக் களப்பு கண்ணாடியாகிவிட்டது. வானத்தின் மேல் மிதப்பதுபோல் படகு மெல்ல அசைந்தது.

"இப்ப சொல்லு, லேப்ல என்ன நடந்த?"

ஷிஹாரா விரலால் தண்ணீரை அளைந்தாள். "நான் செய்ற மருந்து இடக்கை, வலக்கை மாதிரி ரெண்டு விதமா வரும். வலக்கைதான் நோயைத் தீர்க்கும். நிக்கலைப் புளி அமிலத்தில ஊறவெச்சு ஐதரசன் ஏத்தினா, எப்பவும் இடக்கைதான் வந்த. பிறகு அதே நிக்கல், அதே ஊறல், கரைப்பானை மட்டும் மாத்தினேன். வலக்கை வந்திட்டு."

"கரைக்கிற தண்ணி மாறினதுக்கா?"

"ஓம். அதுக்குத்தான்."

போன கிழமை கொழும்பில், வாகன இரைச்சலுக்கு நடுவே, அவளிடம் ஒன்று கேட்டிருந்தான். அவள் யோசிக்காமல் 'ஓம்' என்றாள். அந்த ஓம் அவனை இன்னும் தூங்கவிடவில்லை.

"அண்டைக்குக் கேட்டதை இங்க வெச்சுத் திரும்பக் கேக்கவா?"

"கேளுங்க."

கேட்டான். தூரத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. அலைவட்டம் விரிந்து வந்து படகைத் தொட்டபோது அவள் சொன்னாள்:

"வேணாம்."

முஸம்மில் கைப்பேசியை எடுத்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும், காதியார். நாளைக்கு தலாக் வழக்குக்கு நாங்க வரல்ல. பொஞ்சாதி வேணாமெண்டுட்டா."