பக்கத்து வீட்டுச் சந்தா

சுவருக்குள்ளிருந்து முதலில் சோழி உருட்டுவதுபோல் ஒரு சத்தம். பிறகு கிசுகிசுப்பு.

"வாசல்ல ஒருத்தன்தான் நிக்கிறான். அவன் தலை திரும்பினதும் உள்ள பூந்துடு. குழந்தையைத் தூக்கிட்டு வந்துடு."

கெசியா விருட்டென்று எழுந்தாள். தொட்டிலில் கிடந்த யூனிஸை வாரி மடியில் போட்டுக்கொண்டு கணவன் மெர்வினுக்குப் போன் செய்தாள். அவன் திருமுடிவாக்கத்தில் நைட் ஷிஃப்ட். பின்னால் மெஷின் இரைந்தது.

"சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ குழந்தையைத் தூக்கணும்னு பேசிக்கிறாங்க."

"பக்கத்து வீட்டு வைத்தீஸ்வரன் சார்தான் கெசி. கம்ப்யூட்டர்ல கேம் ஆடுறார். ஊர் ஊரா ஆள் சேர்ந்து ஆடுறது. ஏதாவது இளவரசனைக் காப்பாத்திட்டு இருப்பார்."

"ரிட்டையர் ஆன மனுஷனா?"

"ஆதார் கார்டு பார்த்தா உள்ள விடறான்? தூங்கு."

எப்படித் தூங்குவது? முடிச்சூருக்குக் குடிவந்த நாளிலிருந்தே தூக்கம் இல்லை. சுற்றிலும் காலி மனைகள். அந்த மாடியிலேயே இந்த இரண்டு வீட்டில்தான் ஆள். கதவைத் தாழ் போடுவாள். எழுந்துபோய் மறுபடி இழுத்துப் பார்ப்பாள். விடிகிற நேரத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தால், பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாள் 'டங்'கென்று எழுப்பிவிடும்.

காலையில் குழந்தையோடு போய் பெல் அடித்தாள்.

வைத்தீஸ்வரன் கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். தனி ஆள்.

"அங்கிள், ராத்திரியெல்லாம் உங்க சத்தம். விடிஞ்சதும் கதவைத் திறக்கிறீங்களே, அந்தத் தாழ்ப்பாள் சத்தம் வேற. பாப்பா முழிச்சிக்கிறா."

"சாரிம்மா. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடறேன்."

"கேம்? அதை நிறுத்த முடியாதா?"

"நைட் டூட்டி பார்த்த உடம்பு. தூக்கம் வராது."

"மாசா மாசம் காசு வேற கட்டணுமாமே. ஃப்ரீயா எவ்வளவோ கேம் இருக்கு."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காதவர் போல.

"ஃப்ரீ ஆட்டத்துல எவன் வரான், எவன் போறான்னே தெரியாதும்மா. வாயத் திறந்தா கெட்ட வார்த்தை. சண்டை முத்தும்போது விட்டுட்டு ஓடிடுவான். சந்தா கட்டினவன் கடைசி வரைக்கும் நிப்பான்."

"அப்ப சந்தா நல்லதுங்கிறீங்க."

"அதுதான் ஆட்டத்தைக் கொன்னதும். ஏத்திக்கிட்டே போனான். கட்ட முடியாதவங்க ஒவ்வொருத்தரா கழண்டுட்டாங்க. பெரிய படை எங்களுது. இப்ப ஒரு ஆட்டோல ஏத்திடலாம். நானே நிறுத்திட்டேன்."

"அப்புறம் எப்படி ஆடுறீங்க?"

"யாரோ என் பேருக்குக் கட்டிட்டு இருக்காங்க. பேர் போடாம கிஃப்டா வருது."

எவனோ ஒரு கிறுக்கன் என்று கெசியா மனதுக்குள் நினைத்துக்கொண்டாள். வெளியே, "ப்ளீஸ் அங்கிள், நிறுத்திடுங்க" என்றாள்.

அவர் குழந்தையைப் பார்த்தார். "சரிம்மா. இன்னிக்கு சத்தம் வராது."

சாயங்காலம் மெர்வினுக்கு டிபன் பாக்ஸ் கட்டும்போது ஜெயித்த குரலில் சொன்னாள். "அங்கிள் கேமை நிறுத்தியாச்சு. எவனோ ஒருத்தன் அவருக்குத் தண்டமா சந்தா கட்றானாம்."

மெர்வின் ஷூ லேஸைக் கட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"என்னாச்சு?"

"இன்னிக்கு லீவு போட்டுடறேன்."

"ஏன்?"

"அந்தத் தண்டம் நான்தான் கெசி."

அவள் டப்பாவைக் கீழே வைத்தாள்.

"வாட்ச்மேன் போடுங்கன்னு அசோசியேஷன் மீட்டிங்ல கேட்டேன். ஒத்துக்கல. உன் பக்கத்துல முழிச்சிருந்த ஒரே ஜீவன் அவர்தான். அவரும் சந்தா ஏறிடுச்சு, இனி படுத்துத் தூங்கறேன்னார். வயசானவர்கிட்டப் போய் தினமும் எங்களுக்காக முழிச்சிருங்கன்னு கேக்க முடியுமா? அதான் தெரியாம கட்டினேன். கேம்னா கொட்டக் கொட்ட முழிச்சிருப்பார். உனக்கு ஒண்ணுன்னா கூப்பிடற தூரத்துல ஒரு ஆள்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, பயப்படற அளவுக்கு ஏதோ இருக்குன்னு இன்னும் பயப்படுவே."

கெசியா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு பெல்லை அடித்தாள்.

"அங்கிள், நீங்க ஆடுங்க. பாப்பாவுக்கு அந்தச் சத்தம் பழகிடுச்சு."

ஏன், என்ன என்று எதுவும் கேட்காமல் அவர் தலையாட்டினார்.

மெர்வின் வேலைக்குக் கிளம்பினான். ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ வளைத்துப் பிடித்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே கெசியா தூங்கிப்போனாள். எழுந்துபோய் தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கக்கூட இல்லை.

விடிகாலையில் மெர்வினின் வண்டிச் சத்தம். அவன் படியேறி வருவதற்குள் கதவைத் திறந்தாள்.

பக்கத்து வீட்டுக் கதவு அகலமாகத் திறந்து கிடந்தது. மாடிப்படியைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் வைத்தீஸ்வரன், மடியில் கொசு பேட்டோடு. உள்ளே கம்ப்யூட்டர் எப்போதோ அணைந்திருந்தது.

"வந்தாச்சா தம்பி" என்று எழுந்து, நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"தினமும் நான் மேல வர்றதுக்குள்ள இந்தக் கதவு சாத்தியிருக்கும். அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சேன்" என்று மெர்வின் கிசுகிசுத்தான்.

கதவு சாத்திக்கொண்டது. எண்ணெய் விட்டும் சத்தம் போகவில்லை. தினமும் அவர் கதவைத் திறக்கிறார் என்று அவள் திட்டிக்கொண்டிருந்த அதே 'டங்'கோடு, உள்ளிருந்து தாழ் விழுந்தது.