கோணாத தரை

டைல்ஸ் ஒட்டும் இசக்கியப்பனின் இடது கண்ணுக்கு ஒரு மாதமாக நேர்கோடெல்லாம் வளைந்து தெரிந்தது.

"வெளியே காட்டிக்காதே தம்பி. நான் பாத்துக்குறேன்," என்றது வலது கண்.

சொன்னபடியே பார்த்துக்கொண்டது. இசக்கியப்பன் ஒட்டிய தரையில் ஒரு கல்கூடக் கோணவில்லை. தன் கண்ணில் கோளாறு இருப்பது அவருக்கே தெரியவில்லை.

ஒருநாள் கல் அறுக்கும்போது வலது கண்ணில் தூசி விழுந்தது. அது மூடிக்கொண்டதும், காலையில் ஒட்டிய தரை முழுக்கக் கோடுகள் பாம்பாக நெளிந்தன. மனிதர் பதறிப்போய் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

அங்கே ஒரு கேமரா இரண்டு கண்களுக்குள்ளும் எட்டிப் பார்த்துப் படம் எடுத்தது.

"சர்க்கரையால விழித்திரை வீங்கியிருக்கு," என்றார் டாக்டர். "நல்லவேளை, இப்பவே வந்தீங்க. ஊசியில சரிபண்ணிடலாம்."

ஊசி போட்ட மறுவாரம் கோடுகள் நிமிர்ந்தன.

"அப்பாடா! நேராயிடுச்சுண்ணே!" இடது கண்ணுக்குத் தண்ணீரே வந்துவிட்டது.

வலது கண் ஒருமுறை சுற்றும் பார்த்துக்கொண்டது. பிறகு மெல்லச் சொன்னது: "யார்கிட்டயும் சொல்லாதே தம்பி. எனக்கும் ஓரத்துல ஒரு கரும்புள்ளி. ஆறு மாசமா இருக்கு."

"அதான் உன் படத்துலயும் இருந்துச்சேண்ணே. டாக்டர் அன்னைக்கே பாத்துட்டார். வர்ற வியாழக்கிழமை உனக்கு லேசர்."

வலது கண் படபடவென்று இமைத்தது. ஆறு மாதப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. ஆனாலும் கேட்டது: "ரெண்டு நாள் மங்கலா இருக்குமாமே. வேலை என்னாகுறது?"

"நீ மூடிக்கிட்டுத் தூங்குண்ணே," என்றது இடது கண். "நான் பாத்துக்குறேன்."