அண்ணிக்குக் கிளிப்பு

பல் டாக்டர் மேசைமேல் இரண்டு மாதிரிப் பல் செட்டுகளை எடுத்து வைத்ததும் நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பத்து நான்கு வயதில் பல்லுக்குக் கிளிப்பு! பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மாட்டிக்கொண்டு திரிகிற சங்கதி.

வரவேற்பில் இருந்த பெண்கூட, பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வந்தீர்கள் என்றுதான் கேட்டாள். அண்ணியைக் கை காட்டுவதற்குள் நாத்தனாருக்கு மானம் போயிற்று.

அந்த அண்ணி பக்கத்து நாற்காலியில், எப்போதும்போலக் கையால் வாயை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் கண்ணை மூடி இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் மகாராணிக்கு அழகு கேட்கிறது. இனிமேல் யார் பார்த்து மயங்கப் போகிறார்கள் என்று வீட்டிலேயே கேட்டாயிற்று. பதில் இல்லை. அவள் எதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறாள்! வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ஜென்மம்.

அதுவும் எந்த நேரத்தில்! அடுத்த மாதம், அண்ணன் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கூடத்தில் அவருடைய படத்தைத் திறந்து வைக்கிறார்கள். பழைய மாணவர்கள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். மேடையில் அண்ணிக்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் நாத்தனாருக்கு ஒன்று.

அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை பேசப் போவது நாத்தனார்தான். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தும் ஆயிற்று. எந்தப் பிள்ளைமேலும் ஒரு நாளும் கை வைக்காத மனிதர் என்கிற இடத்தை மட்டும் மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள்.

அப்பேர்ப்பட்ட மேடையில் இவள் வாயைத் திறந்தால் இரும்புக்கடை தெரிய வேண்டுமா? அதைத் தடுக்கத்தான் துணைக்கு வருகிறேன் என்று கூடவே கிளம்பி வந்திருந்தாள்.

டாக்டர் சின்னப் பெண். ஆனால் கண் கூர்மையான பெண். முன்பல் இரண்டும் உள்பக்கம் சாய்ந்திருக்கின்றன, பக்கத்துப் பல் அவற்றின்மேல் ஏறியிருக்கிறது, சின்ன வயதிலிருந்தே இப்படியா, இல்லை நடுவில் அடிபட்டதா என்று அண்ணியைக் கேட்டாள்.

வழக்கம்போல நாத்தனார்தான் பதில் சொன்னாள். கல்யாணமான புதிது, பாத்ரூமில் ஈரத்தரை, வழுக்கி விழுந்து குழாயில் வாய் இடித்துவிட்டது. சொல்லிச் சொல்லிப் பழகியது, தடங்கல் இல்லாமல் வந்தது.

அதோடு விட்டாளா? மாடிப்படியில் உருண்டு கை முறிந்ததையும், கதவில் முட்டிப் புருவம் கிழிந்ததையும் சேர்த்துச் சொன்னாள். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு நடப்பாளோ தெரியாது, அண்ணனாக இருக்கப்போய் வைத்துக் குடும்பம் நடத்தினார் என்று சொல்லிச் சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. அண்ணியை ஒருமுறை பார்த்துவிட்டு, மேசையில் இருந்ததைக் காட்டி விளக்க ஆரம்பித்தாள்.

ஒன்று, கண்ணாடிபோன்ற உறை. மாட்டியிருப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. சாப்பிடும்போது கழற்றலாம், விழா என்றால் கொஞ்ச நேரம் கழற்றி வைக்கலாம். இன்னொன்று, பழைய மாதிரிக் கம்பி. பல்லுக்குப் பல் ஒட்டிவிடுவார்கள். எல்லாம் முடிகிறவரை கழற்ற முடியாது. பேசினாலே பளிச்சென்று தெரியும். அண்ணியின் பல்லுக்கு இரண்டுமே சரிப்படும்.

நாத்தனாருக்குப் போன உயிர் வந்தது. உறைதான் வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளே முடித்து வைத்தாள்.

அண்ணி கையை நீட்டி, கம்பி போட்ட செட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

விவரம் புரியவில்லையாக்கும் என்று நாத்தனார் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள், எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்வதுபோல. அண்ணி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கம்பிதான் வேண்டும் என்றாள்.

நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் கட்டிக் காத்த பேர் இது! ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? டாக்டர் இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் கேட்டேவிட்டாள்.

"மேடையில அத்தனை பேர் பார்ப்பாங்க. இந்த வயசுல பல்லுக்கு என்னாச்சுன்னு ஒருத்தர் விடாம கேப்பாங்க. என்ன அண்ணி சொல்வீங்க?"

அண்ணி வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"கேக்கட்டும்னுதான் இதைப் போடுறேன். இத்தனை வருஷமா யாரும் கேக்கறதுக்குள்ள நீ முந்திக்கிட்டு பதில் சொல்லிடுவ. இனிமே நான் சொல்றேன். உன் அண்ணன் கைதான்னு சொல்றேன். நான் வாயெல்லாம் ரத்தமா உக்காந்திருந்தப்ப, காஞ்சு கிடந்த பாத்ரூம்ல நீ ஒரு வாளி தண்ணிய ஊத்திட்டு, அப்புறமா பக்கத்து வீட்டைக் கூப்பிட்டதையும் சொல்றேன்."

குரல் கொஞ்சமும் உயரவில்லை. வீட்டுச் சாமான் என்ன வாங்கவேண்டும் என்று சொல்வாளே, அதே குரல்.

நாத்தனார் கையால் தன் வாயை மறைத்துக்கொண்டாள்.

டாக்டர் தன் நாற்காலியை அண்ணியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டாள். விழாவுக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும் என்றாள் அண்ணி.

சரி என்ற டாக்டர், நாத்தனாரைக் கொஞ்சம் வெளியே போய் உட்காரச் சொன்னாள்.