காக்கா எடுக்காத சோறு

தெப்பக்குளக் கரையில் வைத்த பிண்டச் சோற்றை ஒரு காக்காகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. சுசீந்திரத்துச் சொந்தமெல்லாம் பசியோடு, "கா! கா!" என்று தொண்டை வறளக் கத்தியது.

"ஆத்மாவுக்கு ஏதோ பற்று மிச்சமிருக்கு. அது அறாம மோட்சம் இல்ல" என்றார் புரோகிதர்.

"மயினி, அண்ணனுக்கு என்ன ஆசைன்னு உங்களுக்குல்லா தெரியும்? சொல்லிக் கும்பிடுங்க" என்று நாத்தனார் பகவதி கோமளவல்லியை முன்னே தள்ளினாள்.

கோமளவல்லி கைகூப்பினாள். "அவுங்க ரேடியோப் பெட்டிய ஒருத்தரும் தொட மாட்டோம்."

மரத்திலிருந்த காக்கா இறகைக் கோதியது.

"பள்ளத்து வயல விக்க மாட்டோம்."

காக்கா கண்ணை மூடிக்கொண்டது.

"அப்போ உள்ளித்தீயல்தான் குறை போலிருக்கு. வீட்டுல நல்லா வறுத்தரச்சு, எண்ணெ தெளிய வச்சிருக்கேன்."

"தீயலா வச்சிருக்க?"

எல்லாரும் திரும்பினார்கள். சன்னியாசம் வாங்கிக் காசிக்குப் போவதற்காக, மொட்டையும் காவியுமாக உட்கார்ந்து, உயிரோடேயே தனக்குத் தானே கருமாதி செய்துகொண்டிருந்த வள்ளிநாயகம் எச்சில் விழுங்கினார்.

"அண்ணே, அப்போ காசி?" என்றாள் பகவதி.

"காக்காவே சொல்லியாச்சுல்லா, எனக்குப் பற்று அறல்லன்னு. காசிக்கு அடுத்த ஜென்மத்துல போறேன். ஏட்டி கோமளம், வந்து எலையப் போடு!"

அவர் வீட்டைப் பார்த்து ஓட்டமாய் ஓடினார். கோமளவல்லி மரத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். விடியுமுன்னே அவள் வந்து கொட்டிய ஒரு பானை முந்திரிக்கொத்துப் பலகாரத்தையும் தின்று தீர்த்த காக்காக்கள், கிளையைவிட்டு அசைய முடியாமல் உட்கார்ந்திருந்தன.